‘நம் குலம் அல்லாதவர் மனம் வேறு’: ஒரு சீன வாசகத்தின் 2,600 ஆண்டுப் பயணம்

சீனாவுக்கும் அண்டை நாடுகளுக்கும் உரசல் என்று செய்தி வந்தாலும் சரி, சீனாவில் வெளிநாட்டவர் பற்றிய சர்ச்சை கிளம்பினாலும் சரி, கூடவே ஒரு பழைய வாசகமும் சுற்றுக்கு வந்துவிடுகிறது: “நம் இனத்தைச் சேராதவரின் மனம் நிச்சயம் வேறாகத்தான் இருக்கும்.” இதை எடுத்துக்காட்டி, சீனர்கள் அந்நியரைக் காலங்காலமாக இப்படித்தான் பார்க்கிறார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். படிப்பவருக்கோ குழப்பம். இது யார் சொன்னது? யாரைப் பார்த்துச் சொன்னது? உண்மையிலேயே இனத்தைப் பற்றியதுதானா?

பழைய சீன வாசகம் எதைப் பார்த்தாலும் கன்பூசியஸ் சொன்னதாக நினைத்துக்கொள்வது பலருக்கும் வழக்கம். இது அவருடையது அல்ல. அவர் பிறந்தது கி.மு. 551இல். இந்த வாசகம் பதிவான சம்பவம் அதற்கு 36 ஆண்டுகள் முன்பே, கி.மு. 587இல் நடந்துவிட்டது.

சொல்லுக்குச் சொல்

சீனத்தில் மரபுத்தொடர்களைச் ‘செங்யூ’ என்பார்கள். பெரும்பாலும் நான்கே எழுத்துகள் கொண்டவை. நாம் பார்க்கும் தொடர் நான்கு நான்காக இரண்டு பாதி, ஆக எட்டு எழுத்து: “ஃபெய் வோ ட்ஸு லெய், ச்சி ஷின் பி யி.”

1. ஃபெய்: அல்லாத. வோ: நான், நம். 
2. ட்ஸு: குலம், வம்சம். இந்த எழுத்தின் வடிவத்திலேயே ஒரு கொடியும் ஓர் அம்பும் இருக்கின்றன. ஒரே கொடியின் கீழ் திரளும் உறவுக்கூட்டம் என்று இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. 
3. லெய்: வகை. 
4. ச்சி: அவருடைய. ஷின்: மனம். நெஞ்சும் மனமும் சீனத்தில் ஒரே சொல்தான். நம் ‘உள்ளம்’ போல. 
5. பி: கட்டாயம், நிச்சயம். யி: வேறு.

கடைசிச் சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘யி’ என்றால் வேறு. கெட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. “அவன் மனம் வஞ்சகமானது” என்று சிலர் மொழிபெயர்ப்பது மூலத்தில் இல்லாத சூட்டை ஏற்றுவது. நம் நோக்கம் ஒன்று, அவர்கள் நோக்கம் வேறொன்று என்பதே நேர்ப்பொருள்.

உண்மையான சிக்கல் ‘ட்ஸு’வில்தான். அதைத் தமிழில் ‘இனம்’ என்று போட்டதுமே நம் காதில் இனவாதம், இனக்கலவரம் எல்லாம் ஒலித்துவிடுகிறது. ஆனால் நம் ‘இனம்’ என்ற சொல்லே ஒரு நிலையில் நின்றதில்லையே. ‘இனசனம்’ என்றால் சொந்தபந்தம். ‘மீனினம்’ என்றால் வகை. திருக்குறளில் ‘சிற்றினஞ்சேராமை’ அதிகாரத்தில் வரும் இனம், ஒருவர் சேரும் கூட்டாளிகள். ‘இனவாதம்’ எனும்போதுதான் இன்று நாம் நினைக்கும் இனம். ‘ட்ஸு’வும் அப்படித்தான் காலத்துக்குக் காலம் பொருள் மாறி வந்திருக்கிறது. கி.மு. 587இல் அதற்கு என்ன பொருள் என்று பார்க்க, அந்தச் சம்பவத்துக்குள் போக வேண்டும்.

கி.மு. 587: அவமதிக்கப்பட்ட ஒரு கோமகன்

அப்போது சீனா ஒரே நாடு அல்ல. ஜோ வம்சத்து மன்னர் பெயரளவுக்குத் தலைவர். உண்மையான அதிகாரம் சிதறிக் கிடந்த பல நாடுகளிடம் இருந்தது. நம் கதைக்கு மூன்று நாடுகள் போதும்.

லூ: இன்றைய ஷான்டோங் மாகாணத்தில் இருந்த சிறிய நாடு. பிற்பாடு கன்பூசியஸ் பிறந்த ஊரும் இங்கேதான். ஜின்: இன்றைய ஷான்ஷி பகுதியில் இருந்த பெரிய வல்லரசு. ச்சூ: தெற்கே யாங்ட்ஸி ஆற்றுப் பக்கம் எழுந்த இன்னொரு வல்லரசு. லூவும் ஜின்னும் ஜோ மன்னர் குடும்பத்திலிருந்தே பிரிந்தவை. இரண்டுக்கும் குலப்பெயர் ‘ஜி’. ச்சூ அரசர்களின் குலப்பெயர் ‘மி’. வட நாட்டார் ச்சூவைக் காட்டுமிராண்டி நாடு என்று ஏளனமாகப் பேசுவதும் வழக்கமாக இருந்தது.

அந்த ஆண்டு கோடையில் லூ நாட்டுச் சேங் கோமகன் ஜின்னுக்குப் போனார். அங்கே ஜிங் கோமகன் அவரை மதித்து வரவேற்கவில்லை. புண்பட்ட மனத்தோடு இலையுதிர்காலத்தில் ஊர் திரும்பியவர், ஜின்னோடு உறவை முறித்துக்கொண்டு ச்சூவோடு சேர்ந்துவிடலாம் என்று நினைத்தார். அப்போது குறுக்கே நின்றவர் அமைச்சர் ஜி வென்ட்ஸி. அவர் சொன்னதை ‘ட்ஸோ ட்சுவான்’ என்ற பழைய வரலாற்று நூல் பதிந்திருக்கிறது:

1. ஜின் முறைகெட்டு நடந்தது உண்மைதான். ஆனாலும் இப்போது அதைக் கைவிட முடியாது. 
2. அது பெரிய நாடு. 
3. அதன் அமைச்சர்களுக்குள் ஒற்றுமை இருக்கிறது. 
4. அது நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. 
5. மற்ற நாட்டுக் கோமகன்கள் அதன் சொல்லைக் கேட்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகே அவர் பழமொழிக்கு வருகிறார். ஷி யீயின் பதிவில் இப்படி இருக்கிறது என்று தொடங்கி, “நம் குலம் அல்லாதவர் மனம் வேறாகத்தான் இருக்கும்” என்கிறார். ஷி யீ ஜோ ஆட்சியின் தொடக்ககாலத்து வரலாற்று எழுத்தர். ஆக, வாசகம் அப்போதே பழையது. அதற்குப் பிறகு ஒரு கேள்வி: “ச்சூ பெரிய நாடுதான், ஆனால் நம் குலம் அல்ல. நம்மைப் பேணுமா?”

‘பேணுதல்’ என்று நான் எழுதிய இடத்தில் மூலத்தில் ‘ட்ஸி’ என்ற எழுத்து இருக்கிறது. கூரைக்குக் கீழே ஒரு குழந்தை, அதுதான் அந்த எழுத்தின் வடிவம். பிள்ளையை வளர்ப்பது போல அரவணைத்துக் காப்பது என்று பொருள். கோமகன் தன் திட்டத்தைக் கைவிட்டார்.

இப்போது பொருள் தெளிவாகிறது. இது ஒரு சிறிய நாடு, இரண்டு பெரிய நாடுகளில் எதன் பக்கம் ஒதுங்குவது என்று திணறியபோது பிறந்த பேச்சு. ‘ட்ஸு’ இங்கே குருதி வழிச் சொந்தம். தோலின் நிறமோ மொழியோ நாகரிகமோ அல்ல. இதற்கு நல்ல சான்று ஜின் நாடே. ஜிங் கோமகனின் தாத்தா புகழ்பெற்ற வென் கோமகன். அவருடைய தாய் ரோங் என்று அழைக்கப்பட்ட ‘காட்டு’ மக்களைச் சேர்ந்தவர். வென் கோமகனே பட்டத்துக்கு வருமுன் 12 ஆண்டுகள் டி என்ற இன்னொரு ‘காட்டு’ மக்களிடையே வாழ்ந்து, அங்கே ஒரு பெண்ணை மணந்தவர். அந்த வீட்டைத்தான் ஜி வென்ட்ஸி ‘நம் குலம்’ என்றார். தந்தைவழிக் குலப்பெயர் ஒன்றாக இருந்தால் போதும், அதுவே கணக்கு.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த 300 பேர்

“நம்மைப் பேணுமா?” என்ற கேள்வி சும்மா எழவில்லை. இரண்டே ஆண்டுகளுக்கு முன், கி.மு. 589 குளிர்காலத்தில், ச்சூ படை லூ எல்லைக்குள் வந்தது. அதைத் திருப்பி அனுப்ப லூ என்ன கொடுத்தது தெரியுமா? தச்சர் 100 பேர், தையல்காரர் 100 பேர், நெசவாளர் 100 பேர், அதோடு பிணையாக ஓர் இளவரசர். உளியும் ஊசியும் பிடித்த 300 பேர், வேறு நாட்டுக்கு ஒரேயடியாகக் கைமாற்றப்பட்டார்கள். அமைச்சர் பேசியபோது, அவையில் இருந்த யாருக்கும் அது மறந்திருக்காது. பழமொழியை மட்டும் பிய்த்து எடுத்தால் இந்த அனுபவம் கீழே விழுந்துவிடுகிறது.

சொந்தக் குலம் செய்தது

பழமொழியை மேற்கோள் காட்டுபவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் முக்கியமாகப் படுவது அதுதான்.

கி.மு. 589இல் லூவின் அண்டை நாடான ச்சியை ஜின் தோற்கடித்தபோது, ச்சி பிடித்து வைத்திருந்த வென்யாங் நிலத்தை லூவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தது. கி.மு. 583இல் அதே ஜின் தூதரை அனுப்பி, அந்த நிலத்தைச் ச்சியிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அதாவது, ‘நம் குலம்’ என்று நம்பிய நாடு, தன் அரசியல் வசதிக்காகக் கொடுத்ததைப் பறித்தது. தூதருக்கு வழியனுப்பு விருந்து வைத்தவர் அதே ஜி வென்ட்ஸி. விருந்தில் தனியாக அவரிடம் மனம் திறந்தார்: ஏழு ஆண்டுக்குள் ஒருமுறை கொடுத்தீர்கள், ஒருமுறை பறித்தீர்கள், இதைவிட நிலையில்லாத மனம் உண்டா? பழைய பாடல்தொகையிலிருந்து, சொன்ன சொல் மாறிய கணவனைப் பற்றி மனைவி பாடும் வரிகளையும் எடுத்துச் சொன்னார். அந்தப் பாட்டிலிருந்தும் ஒரு செங்யூ பிறந்து இன்றும் புழங்குகிறது: “அர் சான் ச்சி டே”, அதாவது ‘இரண்டும் மூன்றுமாக மாறும் குணம்’. வேற்றுக் குலத்தின் மனம் பற்றிய தொடரைச் சொன்ன அதே வாய், நான்கு ஆண்டில் சொந்தக் குலத்தின் மனம் பற்றிய தொடரையும் சொல்ல நேர்ந்தது.

அதோடு முடியவில்லை. கி.மு. 575இல் லூவின் உட்பகை காரணமாக யாரோ கோள்மூட்ட, ஜின் ஜி வென்ட்ஸியையே பிடித்துச் சிறை வைத்தது. அவரை விடுவிக்க ஜின் அமைச்சர் ஒருவர் வாதாடினார்: இவர் இரண்டு கோமகன்களுக்குத் துணைநின்றவர், வீட்டுப் பெண்கள் பட்டு உடுத்துவதில்லை, குதிரைகள் தானியம் தின்பதில்லை, இவரை நேர்மையானவர் என்று சொல்லாமல் இருக்க முடியுமா? அதனால் விடுதலையானார். கி.மு. 568இல் இறந்தபோதும் அவர் வீட்டில் பொன்னோ ஜேடு என்ற பச்சைக்கல்லோ சேர்த்துவைத்திருக்கவில்லை என்று அதே நூல் குறிக்கிறது.

கி.பி. 299: வாசகம் மக்கள் மீது பாய்கிறது

ஏறத்தாழ 900 ஆண்டுகள் தாண்டுவோம். இப்போது ஆள்வது ஜின் வம்சம். (முன்பு பார்த்த ஜின் நாட்டின் பெயரேதான், ஆனால் ஆட்சி வேறு, சிமா குடும்பத்தினர்.) மேற்கே குவான்ஜோங் சமவெளியில் டி (முன்பு பார்த்த டி அல்ல, வேறு மக்கள்), ச்சியாங் மக்கள் பெருமளவில் குடியேறியிருந்தார்கள். 296இல் அங்கே வெடித்த கிளர்ச்சி 299இல் அடக்கப்பட்டது. அந்தச் சூட்டில் ஜியாங் தோங் என்ற அதிகாரி ஒரு கட்டுரை எழுதினார்: ‘ரோங் மக்களை இடம்பெயர்ப்பது பற்றி’. குவான்ஜோங்கின் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்களில் பாதிப் பேர் வேற்று மக்கள் என்றும், அவர்களைப் பூர்விக இடங்களுக்கே அனுப்பிவிட வேண்டும் என்றும் வாதிட்டார். அங்கே நம் எட்டெழுத்து மீண்டும் வருகிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்:

1. ஜி வென்ட்ஸி பேசியது ஓர் அரசோடு கூட்டணி வைப்பது பற்றி. ஜியாங் தோங் பேசியது தன் அரசுக்குள் வாழும் குடிமக்களைப் பற்றி. 
2. முன்னதில் ‘குலம் அல்லாதவர்’ ஒரு வல்லரசு. பின்னதில் அவர்கள் ஏழை உழவர்களும் கூலிகளும். 
3. முன்னதில் வாசகம் பல காரணங்களின் கடைசியில் வந்தது. பின்னதில் அது இயல்பு பற்றிய விதியாகிவிட்டது.

ஆனால் கட்டுரையை முழுதாகப் படித்தால் இன்னொன்றும் தெரியும். அந்த மக்கள் ஏன் வெறுத்தார்கள் என்பதற்கு ஜியாங் தோங்கே காரணம் சொல்கிறார்: மேல்தட்டினரும் சாமானியரும் அவர்களின் பலவீனத்தைக் கண்டு இழிவுபடுத்தியதால், வெறுப்பு எலும்பு மஜ்ஜை வரை விஷமாக ஏறிவிட்டது என்கிறார். அப்படியானால் மனம் ‘வேறாக’ இருந்ததா, வேறாக ஆக்கப்பட்டதா? அந்தக் கேள்வியை அவர் தொடரவில்லை.

அரசு அவர் யோசனையை ஏற்கவில்லை. பத்தாண்டுக்குள் வடக்கு பற்றி எரிந்தது. 304இல் ஷியோங்னு என்ற வடக்கு மக்களின் தலைவர் லியூ யுவான் தனி அரசு அறிவித்தார், 311இல் தலைநகர் லுவோயாங் வீழ்ந்தது, 316இல் சாங்ஆன். ஜியாங் தோங்கின் தொலைநோக்கைப் பின்னால் வந்தவர்கள் மெச்சினார்கள். வாசகத்துக்குத் தீர்க்கதரிசனத்தின் அந்தஸ்து வந்ததற்கு இதுதான் காரணம்.

ஷி லே என்பவரின் கதை இங்கே வேறொன்றைக் காட்டுகிறது. ஜே என்ற சிறுபான்மை மக்களில் பிறந்தவர். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சகாலத்தில், பிங்ஜோ மாகாண ஆளுநராக இருந்த சிமா டெங், படைச்செலவுக்குப் பணம் திரட்ட இந்த மக்களைப் பிடித்துக் கிழக்கே விற்க உத்தரவிட்டார். இரண்டு பேருக்கு ஒரு மரக்கட்டை. இருவர் கழுத்தையும் அதில் பூட்டி நடக்கவைத்து ஓட்டிச் சென்றார்கள். அப்படி நடந்தவர்களில் ஒருவர் இருபது வயது கடந்த ஷி லே. அடிமையாக விற்கப்பட்டார். 307இல் சிமா டெங்கைக் கொன்ற கிளர்ச்சிப் படையில் அவர் இருந்தார். 319இல் சொந்தமாக ஓர் அரசையே நிறுவினார்.

இன்னொரு பக்கம், 291 முதல் 306 வரை ஆட்சியை உள்ளிருந்து அரித்தது சிமா குடும்பத்து இளவரசர்கள் தங்களுக்குள் நடத்திய போர்தான். வரலாற்றில் அதற்கு ‘எட்டு இளவரசர்களின் கலகம்’ என்று பெயர். எல்லாரும் ஒரே குலம்.

தாங் அவையில் இரண்டு மேற்கோள்கள் மோதின

630இல் தாங் பேரரசர் தாய்ட்சோங் கிழக்குத் துருக்கியரை வென்றார். சரணடைந்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை எங்கே குடியேற்றுவது? அமைச்சர் வெய் ஜெங் எதிர்த்தார்: இவர்கள் நம் குலம் அல்ல, பலம் வந்தால் கொள்ளையடிப்பார்கள், பலம் குன்றினால் பணிவார்கள் என்று பழைய வாசகத்தின் முதல் பாதியையே எடுத்தார். இன்னோர் அமைச்சர் வென் யான்போ கன்பூசியஸின் நான்கெழுத்தால் பதில் சொன்னார்: “யோ ஜியாவ் வு லெய்”, கல்விக்கு வகை பிரிவு கிடையாது. இரண்டு மேற்கோளிலும் ‘லெய்’ என்ற அதே எழுத்து. ஒன்று வகையைப் பிரிக்கிறது, மற்றொன்று அழிக்கிறது. பேரரசர் இரண்டாவதை ஏற்றார். ஏறக்குறைய பத்தாயிரம் துருக்கியக் குடும்பங்கள் தலைநகர் சாங்ஆனில் குடியேறின. நூற்றுக்கு மேற்பட்டோர் உயர்பதவி பெற்றனர்.

சுமுகமாகவே எல்லாம் போனது என்று சொல்ல முடியாது. 639இல் ஒரு துருக்கியத் தளபதி சிறு குழுவோடு பேரரசரின் கோடைமாளிகையைத் தாக்கினார். அதன் பிறகு தாய்ட்சோங் பின்வாங்கி, பெரும்பகுதியினரை மஞ்சளாற்றுக்கு வடக்கே அனுப்பினார்.

அப்புறம் 642. தியெலே என்ற வடக்கு மக்களைச் சேர்ந்த தாங் தளபதி ச்சிபி ஹெலியை அவருடைய சொந்த மக்களே பிடித்து, வடக்கே இருந்த ஷுயெயான்டுவோ அரசிடம் கொண்டுபோனார்கள். தாங் அவையில் பேச்சு கிளம்பியது: அவர்கள் எல்லாம் ஒரே வகை, அவன் அங்கே போனது மீன் தண்ணீருக்குப் போனது மாதிரி. தாய்ட்சோங் மறுத்தார்: ஹெலியின் மனம் இரும்பும் கல்லும் போன்றது, துரோகம் செய்யமாட்டான். கொஞ்ச நாளில் தூதர் வந்து நடந்ததைச் சொன்னார். அந்த அரசின் தலைவரான கானின் கூடாரத்தில் ஹெலி தாங் இருந்த திசையைப் பார்த்துக் கத்தி, வாளை உருவித் தன் இடது காதை அறுத்து எறிந்திருக்கிறார். பேரரசர் அழுதார். கானுக்கு இளவரசி ஒருவரை மணமுடித்துத் தருவதாக வாக்களித்து ஹெலியை மீட்டார். (அந்த வாக்கைப் பேரரசர் பிற்பாடு காப்பாற்றவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.)

இதற்குப் பின், 644இல் தாய்ட்சோங் சொன்னது பதிவாகியிருக்கிறது: வேற்று மக்களும் மனிதர்களே, அவர்கள் உணர்வு நம்முடையதிலிருந்து வேறல்ல, ஆள்பவன் தன் அருள் போய்ச்சேரவில்லையே என்று கவலைப்பட வேண்டும், வேற்று வகையினரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பழைய வாசகத்துக்கு நேருக்கு நேரான மறுப்பு இது. அதுவும் ஒரு சீனப் பேரரசர் வாயிலிருந்து. அவருடைய தாயின் குடும்பமே ஷியான்பெய் என்ற வடக்கு வேற்று மக்களின் வழிவந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

‘ட்ஸு’ இன்று

மஞ்சூக்கள் சீனாவை ஆண்ட ச்சிங் காலத்தில் இந்த வாதம் தலைகீழானது. ஆள்பவரே ‘குலம் அல்லாதவர்’. 1730இல் யோங்ஜெங் பேரரசர் ஒரு நூலே வெளியிட்டு, பண்டைய முனிவர்-அரசர் ஷுன் கிழக்கு யி மக்களைச் சேர்ந்தவர், ஜோ வம்சத்து வென் மன்னர் மேற்கு யி மக்களைச் சேர்ந்தவர் (இந்த ‘யி’ வேற்று மக்களைக் குறிக்கும் வேறொரு எழுத்து) என்ற கன்பூசியச் சிந்தனையாளர் மென்சியஸின் கூற்றைக் காட்டி, பிறப்பிடம் ஆட்சித்தகுதியைத் தீர்மானிக்காது என்றார்.

பெரிய மாற்றம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. தேசம், இனம் என்ற நவீனக் கருத்துகளைச் சொல்ல ‘மின்ட்ஸு’ என்ற சொல் ஜப்பான் வழியாகச் சீனத்தில் பரவியது. 1905இல் தொடங்கிய மஞ்சூ எதிர்ப்புப் புரட்சி அமைப்பின் முழக்கத்தில் முதல் வரியே ‘தாதர்களை விரட்டு’ என்பதுதான். தாதர்கள் என்று இகழ்ந்தது மஞ்சூக்களை. பிறகு மக்கள் குடியரசு 56 மின்ட்ஸுகளை அங்கீகரித்தது: பெரும்பான்மையினரான ஹான் மக்களுக்கு ஹான்ட்ஸு, ஹுய் முஸ்லிம்களுக்கு ஹுய்ட்ஸு, திபெத்தியர்களுக்கு ட்ஸாங்ட்ஸு என்று. ஆகவே இன்று சீனர் ஒருவர் இந்த எட்டெழுத்தைப் படிக்கும்போது, அந்த நவீனப் பொருளும் சேர்ந்தே அவருக்குக் கேட்கிறது. எழுத்து மாறவில்லை, சுட்டும் ஆள் மாறிவிட்டார்.

அதனால் செய்தியிலோ மொழிபெயர்ப்பிலோ இந்த வாசகம் வரும்போது, அது எந்தக் காலத்துப் பேச்சு என்று பார்த்துத் தமிழ்ச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஜி வென்ட்ஸி சொல்லும் இடத்தில் ‘குலம்’ சரியாக இருக்கும். ஜியாங் தோங்கின் கட்டுரையில் ‘இனக்குழு’ பொருந்தும். இன்றைய சீன இணையவாசி ஒருவர் வெளிநாட்டவர் மீது எரிச்சலில் எழுதியதாக இருந்தால், ‘இனம்’ என்றே போடலாம். அவர் நினைத்ததும் அதுவாகத்தான் இருக்கும்.